நரம்பு வலிக்கு மனச்சோர்வு மாத்திரையா? எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கார்முகில் கேட்டது:

வணக்கம். எனக்கு 56 வயது. எட்டு மாதத்துக்கு முன் வலது விலா நெடுக அக்கி வந்தது. கொப்புளங்கள் மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிட்டன. தழும்புகூட இப்போது மங்கிவிட்டது. வலி மட்டும் போகவில்லை.

தோலுக்கு அடியில் தணலை வைத்தது போல ஓர் எரிச்சல் நாள் முழுக்க இருக்கிறது. நடுநடுவே சுரீர் என்று ஒரு குத்து. இந்த இரண்டையும்விட மோசம், அந்த இடத்தில் துணி படுவது. உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்தினால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. சட்டை லேசாக உரசினால் உயிர் போகிறது. இரவில் இடது பக்கமாகப் படுத்து, போர்வை விலாவில் படாதபடி கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே தூங்குகிறேன். தூக்கத்தில் கை சரிந்ததும் விழித்துக்கொள்கிறேன். ஓர் இரவில் இப்படி நான்கைந்து முறை.

சாதாரண வலி மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை. பிரெகாபலின் இரண்டு மாதம் எடுத்தேன். வலி கொஞ்சம் குறைந்தது, ஆனால் கால் வீங்கியது, நடக்கும்போது தலை சுற்றியது, நிறுத்திவிட்டார்கள். போன வாரம் நரம்பியல் மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். "மெதுவாகத்தான் வேலை செய்யும், விட்டுவிடாதீர்கள்" என்றார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள், மேற்கொண்டு கேட்க எனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தால், மனச்சோர்வுக்கான மருந்து என்று முதலிலேயே போட்டிருக்கிறது. என் தம்பி அதைப் படித்துவிட்டு, "பார்த்தியாக்கா, டாக்டருக்கே தெரிஞ்சிருக்கு. நீ ரொம்ப யோசிக்கிறதுதான் வியாதி" என்றான். பாசமாகத்தான் சொன்னான். ஆனால் அன்று இரவு அழுதுவிட்டேன். எட்டு மாதமாக இந்த வலி நிஜம் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறேன். இப்போது மருத்துவரும் நம்பவில்லையோ என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

மாத்திரை ஆறு நாளாக மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது. எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள். வலி உண்மையில் குறைந்ததா? எத்தனை நாளில்? பழக்கமாகிவிடுமா? காலையில் ஸ்கூட்டர் ஓட்டி வேலைக்குப் போக வேண்டும், அதற்குத் தோதுப்படுமா?

வயர்மேன் எழுதியது:

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்கள் தம்பி சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு நான்கு மாதத்தை வீணாக்கியவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 63 வயது. வேலையில் இருந்தவரை மின்பணியாளர். சர்க்கரை நோய் 17 வருடமாக இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் கால் விரல்களில் மதமதப்பு தொடங்கியது, பிறகு எரிச்சல், பிறகு ஊசி குத்தல். இரண்டு பாதத்திலும், சாக்ஸ் எதுவரை வருமோ அதுவரை. பகலில் வேலை மும்முரத்தில் மறந்திருக்கும். விளக்கை அணைத்துப் படுத்ததும் ஆரம்பிக்கும். நள்ளிரவில் எழுந்து, வெறும் தரையில் பாதத்தை வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நிற்பேன். வேலையில் எத்தனையோ முறை ஷாக் வாங்கியிருக்கிறேன். அந்த உணர்வேதான். அங்கே மெயினை அணைத்துவிடலாம், இங்கே அணைக்க எதுவும் இல்லை.

மருத்துவர் முதலில் பி12 அளவு பார்த்தார். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையும், அதனாலேயே நரம்பு கெடும் என்றார். எனக்குக் குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டார்கள். மதமதப்பு சற்றுத் தணிந்தது, எரிச்சல் அப்படியே இருந்தது. அப்புறம்தான் நீங்கள் சொல்கிற அதே அமிட்ரிப்டிலின், அதே 10 மில்லிகிராம்.

நானும் தாளைப் பிரித்துப் படித்தேன். நானும் எடுக்கவில்லை. என் மனைவி கண்ணில் படாமல் ஸ்குரூடிரைவர், டெஸ்டர் எல்லாம் வைக்கிற பெட்டிக்குள் போட்டுவைத்தேன். மருத்துவரிடம் போகும்போது "எடுக்கிறேன், பலன் இல்லை" என்று சொன்னேன். ஒரு முறையல்ல, இரண்டு முறை. மூன்றாவது முறை அவர், "அப்படியானால் 25 ஆக்கிப் பார்ப்போம்" என்று எழுதப் போனார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நான் சொன்ன பொய்யின் மேல் அவர் அளவு கணக்குப் போடுகிறார் என்று உறைத்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். காலிலிருந்து வலிச் செய்தி நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்கு வருகிறது, அங்கிருந்து மூளைக்குப் போகிறது. இது மேலே போகிற லைன். இதுபோக மூளையின் அடித்தண்டிலிருந்து முதுகுத்தண்டுக்குக் கீழே இறங்குகிற லைன் ஒன்றும் இருக்கிறது. மேலே வருகிற வலிச் செய்தியை அந்த இடத்திலேயே தணிப்பதுதான் அதன் வேலை. அது இயங்குவதற்கு நார்அட்ரினலின், செரோடோனின் என்ற இரண்டு ரசாயனங்கள் வேண்டும். நரம்பு முனையில் சுரந்த இந்த ரசாயனங்களை அந்த நரம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மாத்திரை அப்படி உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ரசாயனம் கூடுதல் நேரம் அங்கே நிற்கிறது, தணிக்கிற லைன் பலமாகிறது. அமிட்ரிப்டிலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கெட்டுப்போன நரம்பு தானாகவே பொறி தட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பொறிக்குக் காரணமான சோடியம் வழிகளையும் அது ஓரளவு அடைக்கிறது.

மனதுக்கும் முதுகுத்தண்டுக்கும் உடம்பு ஒரே ரசாயனத்தைப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். 1961-ல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது மனச்சோர்வுக்கு என்று கிடைத்தது. அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் மனதை மாற்றியது. 1987-ல் சர்க்கரையால் வந்த நரம்பு வலிக்கு இதைக் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் வலி குறைந்தது, இல்லாதவர்களுக்கும் குறைந்தது. மனதைத் தொட்டுத்தான் வலியைக் குறைக்கிறது என்றால் அப்படி நடந்திருக்காது. உங்கள் அளவையே பாருங்கள். மனச்சோர்வுக்குச் சாதாரணமாக 75-லிருந்து 150 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். உங்களுக்கு எழுதியது 10. உங்கள் மருத்துவர் உங்களை நம்பித்தான் எழுதியிருக்கிறார்.

இனி என் அனுபவம். முதல் இரவு நன்றாகத் தூங்கினேன், ஆனால் மறுநாள் காலை பத்து மணி வரை தலை பாரம். இரவு பத்து மணிக்குப் போட்டுக்கொண்டிருந்ததை எட்டு மணிக்கு மாற்றச் சொன்னார்கள். காலைப் பாரம் பெருமளவு போய்விட்டது. வாய் பஞ்சு மாதிரி வறண்டது. மலச்சிக்கல் வந்தது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அதனால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழப் பழகினேன். வலி? முதல் இரண்டு வாரம் துளிகூட மாறவில்லை. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். தொந்தரவு முதல் நாளே வரும், பலன் பிந்தித்தான் வரும்.

மூன்றாவது வாரம் 25 ஆக்கினார்கள். ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் படுக்கப்போகுமுன் மூன்று விஷயம் எழுதுவேன்: வலி பத்துக்கு எவ்வளவு, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன், இன்று செய்ய முடிந்த ஒரு காரியம் என்ன. முதல் பக்கம் முழுக்க 8, 8, 7, 8 என்றுதான் இருக்கும். ஐந்தாவது வாரம் ஒருநாள், "மாடிப்படி ஏறி இறங்கினேன், நடுவில் நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அன்றைய எண் 6. அதை எழுதும்போதுகூட எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பி முந்தின வாரங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வலி குறைவதை மனது எளிதில் கவனிக்காது, இருக்கிற வலியைத்தான் கவனிக்கும். அதனால் தயவுசெய்து எழுதிவையுங்கள்.

50-க்குப் போனபோது சிக்கல் வந்தது. எனக்கு புராஸ்டேட் வீக்கம் உண்டு. சிறுநீர் கழிக்கப் போனால் ஐந்து நிமிடம் நின்றாலும் வராது. மருத்துவர் உடனே அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, டுலாக்செட்டினுக்கு மாற்றினார். இதுவும் மனச்சோர்வு மருந்து வகைதான். 2004-ல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கும், சர்க்கரை நோயாளியின் நரம்பு வலிக்கும், இரண்டுக்குமே அனுமதி வாங்கிய மருந்து. முதலில் 30, இரண்டு வாரம் கழித்து 60. முதல் எட்டு நாள் குமட்டல் இருந்தது. சாப்பிட்ட பிறகு போட்டதில் தணிந்தது. கழுத்துப் பின்னால் வேர்வை கொட்டும், அது இன்னமும் உண்டு. இரத்த அழுத்தம் ஏறலாம் என்று அவ்வப்போது அளக்கிறார்கள். இப்போது மூன்று வருடம் ஆகிறது. நோட்டில் எண் 3, சில நாள் 4. பூஜ்யம் என்று ஒருநாளும் எழுதியதில்லை. ஆனால் இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

பழக்கமாகுமா என்று கேட்டீர்கள். போன வருடம் அவசரமாக வெளியூர் போக வேண்டியிருந்தது. மாத்திரை தீர்ந்துவிட்டது, நான்கு நாள்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் கண்ணை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பினால் மண்டைக்குள் 'சட்' என்று ஷாக் அடித்தது போல ஓர் உணர்வு. தலை கிறுகிறுத்தது, காரணமே இல்லாமல் அழுகை வந்தது. பக்கவாதமோ என்று நடுங்கிப்போனேன். தொலைபேசியில் கேட்டபோது, திடீரென்று நிறுத்தியதால் வருவது, மறுபடி தொடங்குங்கள் என்றார் மருத்துவர். அடுத்த நாளே சரியாகிவிட்டது. போதைக்கு அடிமையாவது போன்றது அல்ல இது. மாத்திரைக்காக மனது ஏங்கவில்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் தேவைப்படவில்லை. உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இது என் தவறுதான், தீருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவைக்க வேண்டும் என்று இப்போது நோட்டின் அட்டையிலேயே எழுதியிருக்கிறேன்.

உங்கள் தம்பியை அடுத்த முறை கூடவே அழைத்துப் போங்கள். மருத்துவர் வாயால் அவர் கேட்கட்டும்.

இலைமறை எழுதியது:

கார்முகில் அக்கா, எனக்குப் பலன் கிடைக்கவில்லை. அதையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு 41 வயது. முதுகெலும்பில் வட்டு (டிஸ்க்) பிதுங்கி, இடது காலில் இறங்குகிற வலி. அமிட்ரிப்டிலின் 10-ல் தொடங்கி 40 வரை போனேன். முழுசாக ஒன்பது வாரம். வலி 7-லிருந்து 6 ஆனது, அந்த ஒன்றும் தூக்கம் நன்றாக வந்ததால் என்றுதான் நினைக்கிறேன். ஐந்து கிலோ எடை கூடியது. வேலையில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு என்ன சொல்ல வந்தேன் என்று மறந்து நிற்பேன். என் மகள் "அம்மா, நீ இங்கேயே இல்லை" என்றாள். அந்த வார்த்தைதான் என்னை மருத்துவரிடம் மறுபடி பேச வைத்தது.

அவர் நார்ட்ரிப்டிலினுக்கு மாற்றினார். அமிட்ரிப்டிலின் உடம்புக்குள் போய் மாறுகிற பொருளே அதுதானாம், மயக்கம் குறைவாக இருக்கும் என்றார். உண்மை, மந்தம் விலகியது. ஆனால் வலி அப்படியே இருந்தது. வட்டு அழுத்துகிற கால் வலிக்கு இந்த மருந்துகள் கேட்கும் என்பதற்குச் சான்று பலவீனம் என்று அப்போதுதான் சொன்னார். படிப்படியாக நிறுத்தினோம். இப்போது உடற்பயிற்சி சிகிச்சைதான் எனக்கு ஓரளவு கைகொடுக்கிறது.

உங்களுடையது வேறு வலி, உங்களுக்குக் கேட்கலாம். கேட்கவில்லையென்றால் அது உங்கள் குறை என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த ஒன்பது வாரம் நான் அப்படித்தான் நினைத்தேன், மருந்தைவிட அது அதிகம் வலித்தது.

மருந்தாளுநர் தேன் எழுதியது:

அக்கா, நான் மருந்தாளுநர். உங்கள் கதைக்கு நேராகப் பொருந்தும் ஒன்றைச் சொல்கிறேன். அக்கிக்குப் பிறகு நிற்கிற வலிக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்து 1982-லேயே ஓர் ஆய்வு வந்தது. 24 பேரில் 16 பேருக்கு நல்ல நிவாரணம் கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சோர்வு இல்லை. சிறிய ஆய்வுதான். 2015-ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த வகை மருந்தை ஏறக்குறைய நான்கு பேர் எடுத்தால் அதில் ஒருவருக்கு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையால் கிடைப்பதற்கு மேலாக, வலி பாதியாகக் குறைகிறது என்று வந்தது. டுலாக்செட்டின் வகைக்கு அது ஆறேழு பேரில் ஒருவர். வயர்மேன் ஐயாவுக்கும் இலைமறை அக்காவுக்கும் நடந்தது இரண்டுமே இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை சில உண்டு. இதயத் துடிப்பில் கோளாறு அல்லது சமீபத்தில் மாரடைப்பு இருந்தால் அமிட்ரிப்டிலின் ஆபத்து, இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். கண் அழுத்த நோய், அதிலும் கோணம் குறுகிய வகை இருந்தால் சொல்லுங்கள். வலிக்கு டிரமடால் எடுக்கிறீர்களா? அதையும் இந்த மருந்துகளையும் சேர்த்தால் செரோடோனின் மிகையாகி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். டுலாக்செட்டினோடு இது இன்னும் கவலைக்குரியது. கடையில் கேட்டு வாங்குகிற சளி, அலர்ஜி மாத்திரைகளில் பலவும் வாய் வறட்சியையும் தூக்கக் கலக்கத்தையும் கூட்டிவிடும். ஃபுளுவாக்செட்டின், பராக்செட்டின் என்ற வேறு மனச்சோர்வு மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு அமிட்ரிப்டிலின் இரத்தத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகம் சேரும். கல்லீரல் நோய் இருப்பவர்களும் மது அதிகம் குடிப்பவர்களும் டுலாக்செட்டினைத் தவிர்க்க வேண்டும்.

ஸ்கூட்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் ஒரு வாரமும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறை முதல் சில நாளும் ஓட்டவே ஓட்டாதீர்கள். காலையில் தலை தெளிவாக இருக்கிறது என்று உறுதியான பிறகு பார்க்கலாம்.

மாத்திரையைப் பூட்டி வையுங்கள். வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் இதை இரண்டு முறை படியுங்கள். அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடும். இரவு மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

மனநிலையிலும் கவனம் இருக்கட்டும். முக்கியமாக 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, தொடங்கிய வாரங்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழக்கூடும் என்ற எச்சரிக்கை இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் உண்டு. எந்த வயதானாலும் அப்படித் தோன்றினால் உடனே வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், துணி உரசினால் உயிர் போகிறது என்றீர்களே, அதற்கு, அந்த இடத்து வலியை மரக்கச் செய்கிற லிக்னோகெய்ன் மருந்துப் பட்டை ஒட்டுவது பற்றியும் கேளுங்கள். 5 சதவீதப் பட்டை. 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். புண் இல்லாத தோலில் மட்டும்தான் ஒட்டலாம். அதன் மருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும் என்பதால் மாத்திரையோடு சேர்த்தே பலருக்குக் கொடுக்கிறார்கள்.

வயர்மேன் எழுதியது:

தேன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டுலாக்செட்டின் கேப்சூலைப் பிரித்து உள்ளே இருக்கிற மணிகளில் பாதியைக் கொட்டிவிட்டு, நானே அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை பார்த்தேன். மருந்துக்கடையில் இருந்த பெண் தடுத்துவிட்டார். வயிற்று அமிலம் மருந்தைக் கெடுக்காமல் இருக்க அந்த மணிகளுக்கு மேல்பூச்சு இருக்கிறதாம். கேப்சூலை முழுதாகத்தான் விழுங்க வேண்டும், குறைக்க வேண்டுமானால் குறைந்த அளவு கேப்சூல் எழுதி வாங்க வேண்டும் என்றார்.

நிழல்மரம் எழுதியது:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. எனக்குக் கன்னத்தில் வலி. பல் துலக்கினாலோ காற்றுப் பட்டாலோ ஒரு பக்கம் மட்டும் சில நொடிகள் வெட்டி வெட்டி அடிக்கும். நரம்பு வலிதானே என்று முதலில் பார்த்த இடத்தில் அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். மூன்று மாதம் பலனே இல்லை. இன்னொருவரிடம் போனபோது, இது முகத்தின் முப்பிரிவு நரம்பு வலி, இதற்கு முதல் மருந்து கார்பமசெபின் என்றார். நான்கே நாளில் அடங்கியது. எல்லா நரம்பு வலியும் ஒன்று இல்லை. மாத்திரையைக் கேட்பதற்கு முன் வலிக்குப் பெயர் என்ன என்று கேளுங்கள்.

கார்முகில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வயர்மேன் ஐயா, ஸ்குரூடிரைவர் பெட்டியைப் படித்ததும் நேராகப் போய் இழுப்பறையைத் திறந்தேன். தேன் பட்டியல் போட்டது போல, நான் எடுக்கும் மாத்திரைகளை ஒரு தாளில் எழுதி, நாளை மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து கேட்டுவிட்டு, இசிஜி வேண்டுமென்றால் எடுத்துவிட்டுத் தொடங்குகிறேன். இலைமறை, உங்கள் கடைசி இரண்டு வரியையும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவன் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த முறை எப்போது போகிறாய் என்று கேட்டான்.

கார்முகில் எழுதியது (ஒன்பது வாரம் கழித்து):

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். இசிஜி சரியாக இருந்தது. 10 மில்லிகிராமில் இரண்டு வாரம் எந்த மாற்றமும் இல்லை. வாய் வறட்சியும் காலை மந்தமும் மட்டும் சரியாக வந்து சேர்ந்தன. ஐயா எழுதியிருந்ததால் விடாமல் இருந்தேன், இல்லையென்றால் பத்தாம் நாளே நிறுத்தியிருப்பேன். அந்த நாட்களில் பேருந்தில்தான் வேலைக்குப் போனேன். 20 ஆக்கினார்கள், பிறகு 25. அதோடு நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு கிலோ எடை ஏறியிருக்கிறது, கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

நோட்டுப் போட்டேன். முதல் வாரச் சராசரி 8. போன வாரம் 5, இரண்டு நாள் 4. சுரீர் என்கிற குத்து இன்னும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வருகிறது, முன்பு நான் எண்ணுவதையே விட்டிருந்தேன். தணல் தணிந்திருக்கிறது, அணையவில்லை. பகலில் பட்டை ஒட்டிக்கொள்கிறேன், சட்டை போட முடிகிறது.

தம்பி கூட வந்தான். மருத்துவரிடம் அவனே கேட்டான், "அக்காவுக்கு மனசுல ஏதாவது பிரச்சினையா டாக்டர்?" என்று. அவர், "உங்கள் அக்காவின் நரம்பில் பிரச்சினை. எட்டு மாதம் தூங்காமல் இருந்தால் உங்கள் மனசும் சோர்ந்துதான் போகும்" என்றார். திரும்பி வரும் வழி முழுக்க அவன் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

நோட்டில் மூன்றாவது விஷயமாக, செய்ய முடிந்த காரியம் ஒன்று எழுதச் சொன்னீர்கள் இல்லையா, ஐயா? போன வியாழக்கிழமை எழுதியது இது: "காலையில் விழித்தபோது போர்வை விலாவின் மேல் கிடந்தது. எப்போது சரிந்தது என்று தெரியவில்லை."

இந்த அளவிலேயே சில மாதம் இருந்துவிட்டு, பிறகு மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம் என்கிறார். குறைத்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை எவ்வளவு குறைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

வயர்மேன் எழுதியது:

வியாழக்கிழமை வரியை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன், சகோதரி. நான் 50-லிருந்து இறங்கியபோது வாரத்துக்கு ஒருமுறை 10, 15 என்று குறைத்தார்கள். உங்களுக்கு அவர் வேறு கணக்கு வைத்திருப்பார், அதையே கேளுங்கள். வாய் வறட்சி தொடர்ந்தால் பல்லில் சொத்தை விழும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் காட்டாமல் விட்டு இரண்டு பல்லை இழந்தேன்.